கைரேகை முந்திரி

பண்ருட்டிக்கு மேற்கே, செம்மண்ணும் முந்திரித் தோப்புமாகக் கிடக்கிற செந்நாவல்குப்பத்தில் கொளஞ்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளை அவளுடைய சொந்தப் போனே யாரென்று தெரியவில்லை என்று ஒருநாள் காலையில் கைவிட்டுவிட்டது. சோற்றை வடித்துவிட்டு ஆலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், போனின் விலாவில் இருக்கிற பொத்தானில் வலது கை ஆள்காட்டி விரலை வைத்தாள். போன் ஒரு உதறு உதறிக்கொண்டது, திறக்கவில்லை. புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள், ஊதிவிட்டு வைத்தாள், எச்சில் தொட்டு வைத்தாள்; ஒவ்வொரு தடவையும் வேண்டாதவர் தொட்டதுபோல உதறியதே தவிரத் திறக்கவில்லை. கத்தாரில் லாரி ஓட்டுகிற அவள் புருஷன் கதிர்காமன் லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன போன் அது. எண்ணைப் போட்டால் திறக்கும்தான். ஆனால் நேற்றுவரை தெரிந்த விரலை இன்றைக்குத் தெரியாது என்றால் என்ன அர்த்தம் என்று கொளஞ்சிக்குக் கோபம் வந்தது. அவளுக்கு எதற்கும் சட்டென்று கோபம் வரும்; வந்தால் லேசில் போகாது.

பழுது பார்க்க உட்கார்ந்தவள் அவள் நாத்தனார் ராசகுமாரி. கதிர்காமனின் கடைசித் தங்கை, இன்னும் கல்யாணமாகாதவள், அண்ணி வீட்டிலேயே இருந்துகொண்டு அண்ணி வேலை செய்கிற செங்கதிர் முந்திரி ஆலையிலேயே கூடை சுமக்கிறவள், போனில் பழுது பார்க்கிற வீடியோக்களைச் சினிமா பார்ப்பதுபோலப் பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, போனின் மயில் படம் போட்ட உறையைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பொத்தானைச் சுற்றித் துடைத்தாள். காய்ந்த பல்துலக்கும் பிரஷால் விளிம்பில் ஏறியிருந்த அழுக்கைத் தட்டிவிட்டாள். பழைய விரலை அழிக்காமல் புதிதாக ஒரு தடவை பதியலாம் என்று சொல்லி, அண்ணியின் விரலைப் பிடித்து வைத்தாள். வையுங்கள் என்றது போன், எடுங்கள் என்றது, மறுபடி வையுங்கள் என்றது. திரையில் ஒரு வட்டம் பாதி நிறைந்து, பிறகு விரல் தெளிவாக இல்லை என்று சொல்லி மறைந்துபோனது. ராசகுமாரி தன் விரலை வைத்துப் பார்த்தாள். நாலைந்து தொடலில் வட்டம் முழுசாக நிறைந்தது.

"போன் நல்லாத்தான் இருக்குது அண்ணி. என் விரலும் இதுல சேந்துடுச்சி, இருக்கட்டும். உன் கையக் காட்டு."

வாசல் வெளிச்சத்தில் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். முந்திரிக் கொட்டையை ஒவ்வொன்றாகக் கத்திக்குக் கீழே வைத்து, காலால் மிதித்து உடைக்கிற மெஷினில் வேலை கொளஞ்சிக்கு. ஓட்டுக்குள்ளிருந்து வருகிற பால் தோலைத் தின்றுவிடும்; சாம்பல் பூசினாலும் தின்றுவிடும், விளக்கெண்ணெய் தடவினாலும் தின்றுவிடும். பத்து விரலும் கறுத்து, நுனியெல்லாம் உரித்த முட்டைபோல வழவழவென்று இருந்தன. ஒரு கோடு இல்லை. கையுறை கேட்டதற்கு, கையுறை போட்டால் வேகம் வராது என்று மேஸ்திரி குணாளன் சொன்னதும், எல்லாரும் குனிந்து வேலையைப் பார்த்ததும் கொளஞ்சிக்கு நினைவு வந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் தோல் உரிக்கிற கொட்டகையில் இருக்கிற பெண்கள், பருப்பின் சிவப்புத் தோலை நீக்கினால் உள்ளே கோடு இருக்கிறது என்று சொன்னார்கள். வெள்ளைப் பருப்பின் முதுகில், நெய் நிறத்தில், முடியைவிட மெல்லிய கோடுகள் சுழித்துச் சுழித்து ஓடின. கையைக் கழுவிவிட்டு வந்து உரியுங்கள் என்று மேஸ்திரி சத்தம் போட்டார். கழுவிவிட்டு உரித்தார்கள், கோடு இருந்தது. பருப்பையே கழுவினார்கள், கோடு போகவில்லை. ராசகுமாரி ஒரு கூடையிலிருந்து ஒரு பருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் சாய்வாக ஒரு வெட்டு. அண்ணியின் ஆள்காட்டி விரலில் அரிவாள்மனை பட்ட தழும்பு அப்படித்தான் சாய்ந்திருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பருப்பைக் கொளஞ்சியின் போனில் வைத்தாள். போன் உதறாமல், யோசிக்காமல், உடனே திறந்தது. கொளஞ்சி சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்துவிட்டு, சரி, அதைப் பத்திரமாக வை, எறும்பு வந்துவிடப் போகிறது என்றாள்.

அதற்குப் பிறகு ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. கொட்டை உடைக்கிற பெண்கள் எல்லாரும் அவரவர் பருப்பைத் தேடி எடுத்து, சுருக்குப்பையிலோ தாலிக்கயிற்று மஞ்சள் துணியிலோ முடிந்துவைத்துக்கொண்டார்கள். பூச்சி பிடித்தால் வேறொன்று எடுத்துக்கொண்டார்கள். ரேஷன் கடையில் மெஷினில் பருப்பை வைத்தார்கள். விற்பனையாளர் முதலில் தயங்கினார், பிறகு பெயர் சரியாகத்தானே வருகிறது என்று விட்டுவிட்டார், உப்புப் போட்டு வறுத்ததை மட்டும் கொண்டுவராதீர்கள், மெஷினில் ஒட்டுகிறது என்று கேட்டுக்கொண்டார். ஊரில் பாயசத்துக்கும் பொங்கலுக்கும் முந்திரி போடுவது நின்றது. யாருடைய விரல் என்று தெரியாமல் எப்படித் தின்பது என்றார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வந்தால் ஒருத்தி பருப்பை இன்னொருத்தி கோழிக்குப் போட்டுவிடுவதும், பிறகு பஞ்சாயத்து வைப்பதும் நடந்தது. டவுனிலிருந்து ஒரு ஜோசியர் வந்து பருப்பைப் பார்த்துப் பலன் சொன்னார். பெண்கள் எல்லாருக்கும் கைவசம் தொழில் இருக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள். கத்தாரில் கதிர்காமன் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, அறைக்கு வந்து பிரித்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றைக்கூட வாயில் போடாமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டதாகச் சொன்னான். அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனுஷனுக்குத் தெரிந்தது இங்கே பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியவில்லையே என்று கொளஞ்சி நினைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்தவர் ஆலை முதலாளி தணிகைவேல். அவர் முதலில் சரக்கு கெட்டுவிட்டது என்று பயந்தார், வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்புவார்கள் என்று தூங்காமல் கிடந்தார். திருப்பி அனுப்பவில்லை, இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். அதன்பிறகு அவருக்குப் பயம் போய்ப் பெருமை வந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் வைத்து ஒரு ஷோரூம் கட்டினார். வட்டமாகச் சன்னல் வெட்டிய அட்டைப்பெட்டியில் பருப்பை ஒவ்வொன்றாகக் கோடு தெரிகிற மாதிரி அடுக்கி, கைரேகை முந்திரி, உழைப்பின் முத்திரை என்று பொன்னெழுத்தில் அச்சடித்து, மற்ற முந்திரியைப்போல மூன்று பங்கு விலைக்கு விற்றார். திறப்பு விழாவில் பேசும்போது எங்கள் பெண்கள் தங்களையே இதில் தருகிறார்கள் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஓரமாக நின்றிருந்த கொளஞ்சிக்கு, நாங்கள் எங்கே தந்தோம், இவராகத்தானே எடுத்துக்கொண்டார் என்று தொண்டைவரைக்கும் வந்தது. கையுறை பற்றி மறுபடி கேட்டபோது மேஸ்திரி இப்போது வேகத்தைப் பற்றிப் பேசவில்லை. கையுறை போட்டால் ரேகை எப்படி இறங்கும் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

சரக்கு போதவில்லை, இன்னும் இன்னும் என்றார்கள். கொட்டையை உடைப்பதற்கு முன்னால் ஆவியில் வேகவைக்கிற பெரிய இரும்புக் குக்கர் ஒன்று ஆலையின் பின்கொட்டகையில் இருந்தது. ஆவி மிஞ்சினால் தானாகத் திறந்து சீறுகிற வால்வு அதன் தலையில் இருக்கும். சீறினால் சூடு குறைகிறது, நேரமாகிறது என்று சொல்லி, அந்த வால்வைக் கம்பியால் கட்டிவைக்கச் சொன்னார்கள்.

அது நடந்தது ஒரு மத்தியான நேரம். ராசகுமாரி தலையில் கூடையோடு பின்கொட்டகையில் நின்று, அண்ணனுக்கு அனுப்ப ஒரு வீடியோ எடு அண்ணி என்று சொல்ல, கொளஞ்சி போனைப் பிடித்திருந்தாள். ராசகுமாரி சிரித்துக்கொண்டே எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேஸ்திரி ஒரு ஆளிடம் கம்பியை இறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது குக்கரின் மூடி பிய்த்துக்கொண்டு கூரையை அடித்தது. ஆவி வெள்ளையாக வந்து எல்லாவற்றையும் மறைத்தது. அது விலகியபோது ராசகுமாரி முகத்தைக் காப்பாற்றத் தூக்கிய இரண்டு கையும் தோலுரிந்து தொங்க, சத்தம்கூட வராமல் நின்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மேஸ்திரி முந்திக்கொண்டார். பொண்ணு தன் வீட்டு அடுப்பில் சுட்டுக்கொண்டது, எங்கள் ஆலையில் வேலை செய்கிற பொண்ணு என்பதால் மனிதாபிமானத்தோடு வண்டி வைத்துக் கொண்டுவந்தோம் என்று சொன்னார், அப்படியே எழுதிக்கொண்டார்கள். உள்ளே கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது கொளஞ்சி வெளி முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்று போனைத் திறந்து, அந்த வீடியோ பதிந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. சிரிப்பு இருந்தது, கம்பி இருந்தது, மேஸ்திரியின் குரல் இருந்தது. நிறுத்திவிட்டுப் புருஷனுக்கு அனுப்பப் போன சமயத்தில் மேஸ்திரி வந்து கையைத் தட்டிவிட்டார். போன் கல்படியில் விழுந்தது. அவர் அதை மிதித்தார். இன்னொரு மிதி மிதிப்பதற்குள் கொளஞ்சி அவரைத் தள்ளிவிட்டுப் போனை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் கூடியதும் அவர் ஒன்றும் நடக்காததுபோலச் சட்டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

போன் சாகவில்லை. ஆனால் திரையின் கீழ்ப்பாதிக்குத் தொடுகிற உணர்ச்சி போய்விட்டது. எண்களெல்லாம் அந்தக் கீழ்ப்பாதியில் இருந்தன. எண்ணைப் போட வழியில்லை. உறைக்குள் வைத்திருந்த பருப்பு மேஸ்திரியின் செருப்புக்கடியில் மாவாகியிருந்தது. வீட்டில் டப்பாவில் வைத்திருந்தது பூச்சி அரித்துப் பொடியாகக் கிடந்தது. ராசகுமாரியின் விரலும் அந்தப் போனில் பதிந்திருந்ததுதான். அந்த விரலின் மேல் இப்போது ஒரு முழம் வெள்ளைத்துணி சுற்றியிருந்தது. அதற்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று டாக்டரே சொல்லவில்லை.

டவுனில் போன் பழுது பார்க்கிற கடைக்குப் போனாள். திரையை மாற்றித் தருகிறேன், வைத்துவிட்டுப் போ என்றான் கடைக்காரன். கடைக்குள் மேஸ்திரியின் மச்சான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கொளஞ்சி போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். யார் கையிலும் இனி இதைக் கொடுப்பதில்லை, வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தாள்.

ராசகுமாரியை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு கையையும் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல, கொளஞ்சி செய்தாள். பொத்தானைப் பஞ்சால் துடைத்தாள். மிதிபட்டு உள்ளே அமுங்கியிருந்த விளிம்பைக் குண்டூசியால் மெதுவாக நெம்பி நிமிர்த்தினாள். விரலை வெந்நீரில் ஊறவைத்து வைத்தாள், எலுமிச்சை தேய்த்து வைத்தாள், வாழைப்பழத் தோலால் துடைத்து வைத்தாள். போன் உதறியது. நிறையத் தடவை வைத்துவிட்டீர்கள், காத்திருங்கள் என்றது. அணைய விட்டுவிடாதே அண்ணி, அணைந்து மறுபடி போட்டால் எண்ணைத்தான் கேட்கும், அதோடு போயிற்று என்று ராசகுமாரி சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு பவர் பேங்க் வாங்கி, கைக்குழந்தைக்குப் பால்புட்டி வைப்பதுபோலச் சொருகியே வைத்திருந்தாள். பொத்தான் சரியாகத்தான் இருந்தது. அவளிடம்தான் விரல் இல்லை.

தெருப்பெண்கள் அவரவர் பருப்பை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். அவரவர் பருப்பு அவரவருக்குத்தான் ஆகும் என்று தெரிந்தும் வந்தார்கள், சும்மா எப்படி இருப்பது என்றார்கள். ஆலையைப் பழுது வேலை என்று பூட்டியிருந்தார்கள். போனைத் திறக்க ஒன்றும் மிஞ்சக் கூடாதென்று உள்ளே கிடந்த பருப்பையெல்லாம் பொடியாக்கி மூட்டை கட்டிவிட்டார்கள் என்று காவல்காரரின் மனைவி வந்து சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டதும் கொளஞ்சி போனைக் கீழே வைத்தாள். தன் இரண்டு கையையும் விரித்து, யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

கட்டிலிலிருந்து ராசகுமாரி கூப்பிட்டாள்.

"அண்ணி, ஆலையில இருக்கிறத அரைச்சிட்டான். ரோட்டுமேல கண்ணாடிக்குள்ள அடுக்கி வச்சிருக்கானே, அத அரைக்கல. நம்ம வெரலெல்லாம் அங்கதான் இருக்குது."

மறுநாள் காலை கடை திறந்ததும் ஒரு மினி வேனும் அதன் பின்னால் நடந்து வந்தவர்களுமாகச் செந்நாவல்குப்பத்துப் பெண்கள் ஷோரூமுக்குள் போனார்கள். யாரும் கத்தவில்லை. செருப்பை வெளியில் விட்டுவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பளிங்குத் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அலமாரியிலிருந்து பெட்டிகளை எடுத்துக் கை மாற்றிக் கை மாற்றிக் கீழே இறக்கினார்கள். கொட்டினார்கள். இது அஞ்சலையுடையது, இது என் கொழுந்தியாளுடையது, இது மேலத்தெரு மங்கவரத்தாளுடையது, பாவம் போன மாசம் செத்துப்போனாளே அவளுடையது என்று சொல்லிச் சொல்லிப் பிரித்தார்கள். ஒவ்வொருத்திக்கும் தன் விரல் எது என்று பார்த்தவுடனே தெரிந்தது, தன் பிள்ளை எது என்று தெரிவதுபோல. பெட்டி வாங்க வந்திருந்தவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். கல்லாவில் இருந்த பெண் யாருக்கோ போன் செய்தாள். பிறகு அவளும் இறங்கி வந்து, உயரத்தில் இருந்த பெட்டிகளை ஏணி போட்டு எடுத்துக்கொடுத்தாள். அவளுடைய அம்மாவும் கொட்டை உடைத்தவள்தான்.

தணிகைவேல் வரும்போது பெண் எஸ்.ஐ. ஒருவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். மேஸ்திரி அவருக்குப் பின்னால் நின்றார். தரை முழுக்கச் சின்னச் சின்னக் குவியலாகப் பருப்பும், குவியலுக்கு ஒருத்தியாகப் பெண்களும் இருந்ததைப் பார்த்து முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. கொள்ளை அடிக்கிறார்கள், எல்லார்மேலும் கேஸ் போடுங்கள் என்றார். எஸ்.ஐ. என்ன நடக்கிறது என்று கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியின் உள்ளங்கையில் ஒரே ஒரு பருப்பு இருந்தது, நடுவில் சாய்வாக ஒரு வெட்டோடு.

"என் போனத் தொறக்கணும் மேடம். அதுக்கு இது வேணும்."

"அத எடுக்க உனக்கு என்ன உரிமை இருக்குது," என்றார் தணிகைவேல். "என் ஆலையில ஒடச்சது, என் பெட்டியில இருந்தது. இங்க இருக்கிற ஒவ்வொரு பருப்பும் என் சரக்கு. கோடு இருந்தாலும் என் சரக்கு, இல்லன்னாலும் என் சரக்கு."

கொளஞ்சி எழுந்து நின்றாள். அவ்வளவு கோபத்திலும் அவள் குரல் ஏறவில்லை.

"மேடம், மொதலாளி சொன்னத எழுதிக்குங்க. இது அவரு சரக்கு. இப்ப என் போன நான் தொறக்கல. அவரு சரக்குதான் தொறக்கப் போவுது. உள்ள என்ன இருக்குதோ, அதுக்கு அவருதான் சாட்சி."

தணிகைவேலுக்கு ஒரு கணம் ஆயிற்று, அவள் சொன்னது உள்ளே இறங்க. இறங்கியதும் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார். இல்லை இல்லை, அது அவளுடைய விரல், அவளுடைய விரல்தான், எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவளுடையது என்கிற வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

"ஆமா," என்றாள் கொளஞ்சி. "என் வெரல்தான்."

பருப்பைப் பொத்தானில் வைத்தாள். போன் திறந்தது. வேப்பமரத்தடியில் நிறுத்திய இடத்திலேயே அந்த வீடியோ நின்றிருந்தது. திரையின் மேல்பாதியில் விரல்நுனியால் தொட்டு முதலிலிருந்து ஓட்டினாள். ஏ.சி. போட்ட அந்த ஷோரூமுக்குள், மினுமினுக்கிற அலமாரிகளுக்கு நடுவில், ராசகுமாரியின் சிரிப்பு கேட்டது. அண்ணா, நான் சொமக்கிற கூடையப் பாரு, நீ ஓட்டுற லாரியவிட வெயிட்டு என்று அவள் சொன்னாள். பின்னால் குணாளனின் குரல், கம்பிய இன்னும் ஒரு சுத்து சுத்து, மொதலாளி நேரமாவுதுன்னு திட்டுறாரு என்றது. பிறகு அந்தச் சத்தம். பிறகு ஒன்றும் தெரியாத வெள்ளை. பெண்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள். இருந்தும் இப்போதுதான் அலறினார்கள். எஸ்.ஐ. வீடியோவைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். பிறகு இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். வெளியே போகத் திரும்பிய மேஸ்திரிக்கு வழிவிடாமல் கதவுக்கு முன்னால் கல்லாப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

மேஸ்திரியை அன்றைக்கே பிடித்துக்கொண்டு போனார்கள். முதலாளியைப் பிறகு பிடித்தார்கள், பிறகு ஜாமீனில் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் எழுதியதை மாற்றி எழுதினார்கள்: ஆலையில், குக்கர் வெடித்து. ராசகுமாரிக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று உத்தரவாயிற்று. கட்டைப் பிரித்தபோது அவள் கை இளஞ்சிவப்பாக, இழுத்துத் தைத்ததுபோல இருந்தது. விரல்கள் பாதிதான் மடங்கின. நான் எங்கே வெந்தேன் என்று இப்போது சரியாக எழுதிவிட்டார்கள், எழுதினதால் தோல் முளைத்துவிடுமா என்று அவள் கேட்டாள். கொளஞ்சி அவள் தலைக்கு எண்ணெய் வைத்து, சீவி, பின்னிவிட்டாள். தினமும் காலையில் அது அவள் வேலையாயிற்று. தலையைப் பின்னுகிற ஒவ்வொரு காலையும் அந்தக் கோபம் அவளுக்குள் புதிதாகத்தான் எழுந்தது. வழக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் அது எழுந்துகொண்டேதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆலையைத் திரும்பத் திறந்தபோது பெண்கள் உடனே போகவில்லை. குக்கரைப் புதிதாக மாற்றி, வால்வு சீறுகிறதா என்று தங்கள் முன்னால் காட்டச் சொன்னார்கள். எல்லாருக்கும் முழங்கைவரைக்கும் வருகிற ரப்பர் கையுறை வேண்டும் என்றார்கள். ராசகுமாரிக்குக் கைக்குப் பாரமில்லாத ஒரு வேலை, அதே சம்பளத்தில், வேண்டும் என்றார்கள். வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவருவதாக ஆலைத்தரப்பில் மிரட்டிப் பார்த்தார்கள். வெளியூர் ஆட்கள் வண்டியில் வந்து இறங்கி, செந்நாவல்குப்பத்துப் பெண்கள் கேட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவர்கள் கையையும் பார்த்து, அதே வண்டியில் திரும்பிப் போனார்கள். கையுறை வந்தது.

கையுறை போட்ட சில வாரத்தில் பருப்பு வெறும் பருப்பாயிற்று. தோலை உரித்தால் உள்ளே வெள்ளையாக, ஒரு கோடும் இல்லாமல் வந்தது. பெண்களின் விரல்நுனியில் முதலில் அரிப்பு எடுத்தது, பிறகு செதில் உதிர்ந்தது, பிறகு மெல்ல மெல்ல, மழைக்குப் பிறகு காய்கிற மண்ணில் கோடு விழுவதுபோல ரேகை எழும்பியது. ஊரில் திரும்பப் பாயசத்துக்கு முந்திரி போட்டார்கள். ஷோரூமில் மட்டும் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. ரேகை உள்ளதுதான் வேண்டும், இதற்கா இந்த விலை என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள்.

ஜாமீனில் வெளியே இருந்த தணிகைவேல் ஆலைக்குள் வருவதில்லை. புதிதாகச் சேர்ந்த மேஸ்திரி ஒருவரிடம் சொல்லி அனுப்பினார். புது மேஸ்திரி மரியாதை தெரிந்தவர். உடைக்கிற கொட்டகைக்கு வந்து, கத்திச் சத்தம் அடங்குகிறவரை காத்திருந்து, கொளஞ்சியின் பக்கத்தில் குனிந்து சொன்னார். மார்க்கெட்டில் ரேகை முந்திரி கேட்கிறார்களாம், எல்லாரும் வேண்டாம், விருப்பப்பட்ட கொஞ்சம் பேர் கையுறையைக் கழற்றிவிட்டு உடைத்தால் போதுமாம், அவர்களுக்குச் சம்பளம் தனியாகக் கூட்டித் தருவார்களாம்.

கொட்டகையில் ஒரு கத்திகூட இறங்கவில்லை. கொளஞ்சி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ரேகை வேணும்னா மொதலாளிய வந்து ஒக்காரச் சொல்லுங்க. அவருக்கும் பத்து வெரல் இருக்குது."

அவளுக்கு எதிரில் வேலை செய்கிற ஒருத்தி எழுந்து போய், மூலையில் கிடந்த ஒரு மெஷினைத் துடைத்து, அதன் முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். இன்னொருத்தி ஒரு கூடை கொட்டையைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது ஒருத்தி ஒரு கிண்ணத்தில் சாம்பல் கொண்டுவந்து வைத்தாள், கையில் பூசிக்கொள்ள. பிறகு எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார்கள்.

அந்த முக்காலி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற பெண் யாராவது தெரியாமல் அதில் உட்காரப் போனால், அது முதலாளி இடம், நீ இப்படி வா என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், முதலில் ஒரு கையுறையை எடுத்துக் கொடுக்கிறார்கள்.